மாமன் மூக்கு

என் நெற்றிக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு காதிலிருந்து மறு காது வரை முடிக்குள் ஒரு தழும்பு ஓடுகிறது. சீப்பு அதில் தட்டும்போதுதான் நினைவு வரும். வில்லியனூர் கடைத்தெருவில் என் நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் ஆபரேஷன் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். மண்டையைத் திறந்த கதையைச் சலிக்காமல் சொல்வேன். அதற்கு முன்னால் நான் வாயைத் திறந்த கதையை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. அதை இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் ஓரிரு ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்த அளவுக்கு என் மூளை இப்போது வேலை செய்கிறது.

முதலில் போனது வாசனை. என் தொழிலில் மூக்குதான் முதல். ஓமம் புதுசா பழசா, வசம்பு பூச்சி அரித்ததா, பெருங்காயத்தில் மாவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பையைப் பிரித்ததுமே சொல்லிவிடுவேன். ஒருநாள் என் மனைவி செல்வி கடைக்குள் வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பெருங்காய டப்பாவ மூடாம வச்சிகினு குந்திகினு இருக்கீங்க? தெருமுனை வரைக்கும் அடிக்குது."

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. சளி என்று நானே முடிவு கட்டினேன். நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஏழெட்டு மாதம் ஆவி பிடித்தேன். ஊருக்கே மருந்து கட்டித் தருகிறவன் மூக்கடைப்புக்கு டாக்டரிடம் போவதா என்ற திமிர். மூளையில் வளரும் கட்டிக்கு நொச்சி ஆவி பிடித்த ஆள் இந்த வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாசனைக்குப் பிறகு வேறு சில போயின. அவை போனது எனக்குத் தெரியவில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்தது. குளிக்கச் சொன்னால்தான் குளித்தேன். சாவு வீட்டில் பாடைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன். மூட்டுவலிக்குத் தைலம் கேட்டு வந்த அம்மாவிடம், உடம்பைக் குறைத்தால் தைலம் எதற்கு என்றேன். அந்த அம்மா இருபது வருட வாடிக்கை. அப்புறம் வரவேயில்லை. நான் வருத்தப்படவில்லை என்பதுதான் விஷயம். இவ்வளவு நாள் தேவையில்லாமல் கூச்சப்பட்டிருக்கிறோமே, மனதில் பட்டதைச் சொல்வது எவ்வளவு சுகம் என்றுதான் தோன்றியது. செல்வி பின்னால் ஒருநாள் சொன்னாள்: "நீங்க கெட்டவரா மாறிட்டீங்கன்னு நெனைச்சிகினு ஒரு வருசம் உங்ககூட குடித்தனம் பண்ணேன்."

இப்போது என் தங்கை மங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருமாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் தயாளன் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. பத்தாவது வருடம் வைத்தியத்துக்கு என்று சொல்லிச் சென்னையில் வீடு எடுத்துத் தங்கினார்கள். முறைப்படி எழுதிக்கொடுத்துக் காத்திருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். ஊருக்குச் சொன்னது, மங்கைக்கு அங்கேயே பிரசவமானது என்று. உண்மை தெரிந்தவர்கள் அவர்கள் இருவர், நான், செல்வி என்று நான்கு பேர். மூன்று மாதக் குழந்தையைக் காரில் என் மடியில் வைத்து நான்தான் கொண்டுவந்தேன். திண்டிவனம் தாண்டியதும் என் வேட்டியை நனைத்தாள். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் தெரியக்கூடாதுணா, இவளுக்குக்கூட" என்றாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

குழந்தைக்குத் தாரணி என்று பெயர் வைத்தார்கள். மொட்டையடித்ததும் காது குத்தியதும் என் மடியில்தான். ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருத்தர் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, மாமன் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்பார்கள். எனக்கு உள்ளே ஒரு சிரிப்பு எழும். அதை விழுங்கிக்கொண்டு ஆமாம் என்பேன். பதின்மூன்று வருடம் அப்படி விழுங்கினேன்.

தாரணி வயதுக்கு வந்ததும் மஞ்சள் நீராட்டு விழாவைக் கடலூர் ரோட்டில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். தாய்மாமன் சீர் நான்தான் செய்தேன். ஐம்பத்தொரு தட்டு, பட்டுப்புடவை, மேளம். மேடையேறி அவள் கழுத்தில் மாலை போட்டேன். என் பெரியம்மா கீழே முன்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து உரக்கச் சொன்னார்: "பாருங்கடி, மாமன் மூக்கு அச்சு அசலா இருக்குது!"

சீர் வரிசையை அறிவித்துக்கொண்டிருந்த பையன் ஆசீர்வாதமாக இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

"என் மூக்கு இவளுக்கு எப்டி வரும் பெரியம்மா? மெட்ராஸ்லேர்ந்து கார்ல தூக்கிகினு வந்தவனே நான்தான. மங்கைக்கு ஏது புள்ள?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அது மைக்கில் போய் மண்டபம் முழுக்கக் கேட்டது. தும்மல் வந்து தீர்ந்ததுபோல மூக்கும் நெற்றியும் லேசாக இருந்தன. தாரணி தலை நிறையப் பூவோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்திருந்தால் நன்றாயிருக்கும், கட்டி அந்த உபகாரத்தைக்கூடச் செய்யவில்லை. மச்சான் வந்து மைக்கைப் பிடுங்கினார். மங்கை அழவில்லை, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே இறங்கிப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். செல்வி பந்தியிலேயே என் தாடையைப் பிடித்துத் திருப்பி வாயை முகர்ந்து பார்த்தாள். "நாத்தம் இல்ல. இவுரு குடிக்கல. அப்ப இன்னாமோ ஆயிடிச்சு" என்று தனக்குத்தானே சொன்னாள். அத்தனை பேரில் என்னைத் திட்டாமல் என்னைப் பற்றி யோசித்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் காலையில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

சீட்டு வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் சேதராப்பட்டு கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர், கையில் கட்டோடு. அவரிடம் நான் இன்னதென்று இல்லாமல் பேசிக்கொண்டேயிருந்தேனாம். செல்வி அவரிடம், "உடம்பு சரியில்ல, மனசுல வச்சிக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாளாம். டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லி மூக்கடியில் எதையோ காட்டினார். ஒன்றுமில்லை என்றேன். அது காப்பித்தூள். இன்னொன்றைக் காட்டினார். அதற்கும் ஒன்றுமில்லை என்றேன். அது சோப்பு. அவர் முகம் மாறியதைச் செல்வி பார்த்தாள். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து அரைமணி நேரம் தடதடவென்று சத்தம். பயம் என்ற ஒன்று அப்போது என்னிடம் இல்லை, அதனால் தூங்கிவிட்டேன்.

படத்தில் நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு நேர் மேலே, எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளை உருண்டை. மெனிஞ்சியோமா என்றார் டாக்டரம்மா. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைக்கும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, வருடக்கணக்கில் மெல்ல வளரும். வாசனை நரம்பு ஓடும் இடத்திலேயே உட்கார்ந்து, மேலே மூளையின் முன்பகுதியை நசுக்கிக்கொண்டிருந்தது. செல்வி மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி அழுதாள்.

"அந்த எடம்தாம்மா மனுஷனுக்கு பிரேக். நெனைக்கிறதுல எதச் சொல்லலாம், எதச் சொல்லக்கூடாதுன்னு தடுக்கிற எடம். அங்க அடிபட்டவங்களயும் கட்டி வந்தவங்களயும் ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றாங்க. எது சரி எது தப்புன்னு கேட்டா ஒழுங்கா பதில் சொல்வாங்க. ஆனா அந்த நேரத்துல நிறுத்திக்க முடியாது. மூளையிலயே அதுதான் கடைசியா வளர்றது. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளரும்."

என்னை வார்டில் சேர்த்து, வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். கட்டி அப்படியே இருந்தாலும், அதைச் சுற்றி மூளையில் கோத்திருக்கும் நீர் வடிந்து அழுத்தம் கொஞ்சம் விலகுமாம். மூன்றாம் நாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினேன். மேடையும் மைக்கும் பூ வைத்த அந்தத் தலையும் கண்ணில் நின்றன. நடந்தவை எதுவும் எனக்கு மறந்திருக்கவில்லை. அதுவரை அதற்கு எடை இல்லாமல் இருந்தது, அன்றுதான் எடை வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். செல்வி பதறாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், அழுவுறாரு, இவுரு அழுவுறாரு" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் குரலில். வெட்கம்தான் எனக்குக் குணமாவதன் முதல் அறிகுறியாக வந்தது. அதைவிடக் கட்டியே மேல் என்று எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன் ஓர் இளைஞர் சில அட்டைகளோடு வந்தார். மனத்தின் வேலைகளை அளந்து பார்க்கிறவர். ஓர் அட்டையில் 'சிவப்பு' என்று எழுதியிருக்கும், ஆனால் எழுத்து பச்சை மையில் இருக்கும். எழுதியிருப்பதைப் படிக்கக்கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கேட்க விளையாட்டாகத்தான் இருந்தது. நான் சிவப்பு சிவப்பு என்றே படித்துக்கொண்டு போனேன். தப்பு என்று எனக்கே தெரிந்தது, இருந்தும் வாய் முந்திக்கொண்டது.

"மொதல்ல வாய்க்கு வர்ற பதில நிறுத்தி வச்சிட்டு, வேற பதில் சொல்ல முடியுதான்னு பாக்கறோம் சார். அவ்ளோதான். ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி பாக்கலாம்" என்றார்.

அதற்குள் வெளியே ஒரு காரியம் நடந்திருந்தது. மச்சான் தயாளன் என் ஸ்கேன் படத்தைச் செல்வியிடம் கேட்டு வாங்கி, உறவுக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். 'மூளையில் கட்டி. அன்று பேசியது எல்லாம் கட்டியின் உளறல்.' அதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு நிம்மதி. கும்பிடும் கை, அழும் முகம், கடவுள் படம் என்று வரிசையாக வந்தன. மண்டபத்தில் நான் உடைத்ததை என் மூளையின் படத்தை வைத்தே ஒட்டப் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அது ஒட்டிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

டாக்டரம்மா தனியாக வந்தபோது கேட்டேன். "கட்டி இல்லாததக்கூட பேச வைக்குமா டாக்டர்?"

"சிலருக்கு உண்டு. நடக்காதத நடந்ததா நெனச்சி நம்பியே சொல்வாங்க. உங்களுக்கு நடந்தது எதுன்னு ஸ்கேன் சொல்லாது குமரேசன் சார். பிரேக் போச்சுன்னுதான் என்னால சொல்ல முடியும். வண்டி எந்தப் பக்கம் போயிட்டு இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும்தான்.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. வெளியே செல்வி பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். ஐ.சி.யூ.வில் கண் விழித்ததும் டாக்டரம்மா என் பெயர் கேட்டார், சொன்னேன். வாசனை நரம்பு இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை என்று செல்வியிடம் சொல்லியிருந்தார்கள். அங்கே விளக்கு அணைவதேயில்லை, பகல் எது இரவு எது என்று தெரியாது. மேடையிலிருந்து அந்தக் கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தன.

வார்டுக்கு வந்த நான்காம் நாள் மங்கை வந்தாள். விழாவுக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். கட்டிலில் உட்காரவில்லை.

"ஒரே ஒரு உதவி பண்ணுணா. அவ சரியா சாப்புடறதில்ல. ஸ்கூலுக்குப் போறா, வர்றா, ஒண்ணும் கேக்க மாட்றா. உன்னப் பாக்கணும்னு மட்டும் சொல்றா. கூட்டியாறேன். கேட்டா, கட்டி பேசிச்சு, அதெல்லாம் இல்லாத கதைன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவா. அப்புறம் நானும் உன்ன எதுவும் கேக்க மாட்டேன்."

"சொல்றேன் மங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? சத்தியத்தை உடைத்தவன் நான். ஒட்டவைக்க ஒரு வழி காட்டினால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை காலையில் அந்த இளைஞர் மறுபடி அட்டைகளோடு வந்தார். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். கண்ணில் படும் சொல்லை விழுங்கி விழுங்கி மையின் நிறத்தை மட்டும் சொன்னேன். ஒரே ஒரு தப்பு. "சூப்பர் சார், பிரேக் நல்லா புடிக்குது" என்று கை குலுக்கினார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பார்வை நேரத்தில் தாரணி வந்தாள். மங்கை வெளியே வராந்தாவில் நின்றுகொண்டாள், செல்வி மருந்து வாங்கப் போயிருந்தாள். தாரணி என் கட்டிலோரம் உட்கார்ந்து தலைக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தாள். ஒரு சுளையை என் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"வாசன வருதா மாமா?"

பிள்ளை ஆசையாகக் கேட்கிறது. "வருதும்மா, நல்லா வருது" என்றேன்.

அவள் சுளையை என் கையில் வைத்தாள். தோலைச் சின்னச்சின்னதாகக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு மண்டபத்துல சொன்னது நீங்களா மாமா, கட்டியா?"

வாய்க்கு முதலில் வந்தது ஒன்று. அதை நிறுத்தினேன். நன்றாகவே நின்றது.

"கட்டிதாம்மா. மாமனுக்கு மண்ட கொழம்பிப்போச்சு, இல்லாததெல்லாம் பேசிச்சு. நீ எங்க மங்க பெத்த புள்ள. மனசுல வச்சிக்காத."

அவள் தலையாட்டினாள். கிள்ளிய தோலையெல்லாம் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள்.

"வாசன நரம்ப எடுத்துட்டாங்க, இனிமே வரவே வராதுன்னு அத்த அம்மாகிட்ட போன்ல சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. "அந்தக் கட்டியப் பத்தி நான் போன்ல படிச்சேன் மாமா. அந்த எடத்துல வந்தா மனசுல இருக்கறத மறைக்க முடியாதாம். அன்னிக்கு நீங்க மறைக்கல."

நான் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இப்பதான் கட்டிய எடுத்துட்டாங்களே" என்றாள்.

எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, வெளியே கேட்காதபடி குனிந்து சொன்னாள். "அம்மா கேட்டா, நான் நம்பிட்டேன்னு சொல்லிடுங்க மாமா. பாவம், தூங்கறதே இல்ல."

அவள் போனதும் மங்கை உள்ளே வந்தாள். "இன்னாணா சொன்னா?"

"நம்பிட்டா" என்றேன். மங்கை என் காலடியில் உட்கார்ந்து, இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த சுளையை வாங்கி விதை எடுத்து எனக்கு ஊட்டினாள்.

இப்போது கடைக்குப் போகிறேன். சரக்கு வந்தால் செல்வி முகர்ந்து பார்த்துச் சொல்வாள். மச்சான் பேசுகிறார், மங்கை வாரம் ஒருமுறை வருகிறாள். போன மாதம் வீட்டில் ஒரு படையல். எல்லோரும் வந்திருந்தார்கள். என் பெரியம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. தாரணியின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "மாமன் மூக்கு" என்று ஆரம்பித்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமா ஆயா, மாமன் மூக்குதான். எல்லாரும் அதான் சொல்றாங்க" என்று தாரணி சிரித்தாள். மங்கையும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தாரணி என்னை ஒரு தடவை பார்த்தாள். மேடையில் பார்த்த அதே பார்வை.

டாக்டரம்மா பிரேக் என்று சொன்ன அந்த இடம் அவளுக்கு முழுசாக வளர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.